நெல்லும் பதரும் கலங்களும்: ஆய்வுகூடத்தில் கலம் பிரித்தல் பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூர் ஆய்வுகூடமொன்றில் சில வருடங்கள் கலம் பிரிக்கும் வேலை பார்த்துவிட்டு, இப்போது கிளிநொச்சியில் உயர்தர உயிரியல் கற்பிக்கிறேன். வகுப்பில் பிள்ளைகளும், படலையடியில் மாடு வளர்ப்பவர்களும், டெங்குக் காய்ச்சலுக்கு ஆளை வைத்தியசாலையில் சேர்த்துவிட்டு வந்தவர்களும் கேட்ட கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். நம் பாடநூலில் உள்ளபடி 'கலம்' என்றே எழுதுகிறேன். தமிழ்நாட்டு வாசகர்கள் அதை 'செல்' என்றோ 'உயிரணு' என்றோ வாசித்துக்கொள்ளலாம்.

கலங்களை ஏன் பிரிக்க வேண்டும்? கலவையாகவே வைத்து ஆராய்ந்தால் என்ன?

ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் செங்குழியங்கள் இருக்கின்றன. வெண்குழியங்கள் 4,000 முதல் 11,000 வரைதான். அந்தச் சில ஆயிரத்துக்குள்ளும் பல சாதிகள் உண்டு. அவற்றில் ஒரு சாதிக்குள் என்ன நடக்கிறது என்று அறிய மொத்த இரத்தத்தையும் கரைத்து அளந்தால், கிடைக்கும் விடை பெரும்பாலும் செங்குழியத்தைப் பற்றியதாகவே இருக்கும். ஒரு மூட்டை நெல்லுக்குள் விழுந்த ஒரு பிடி பயறின் ருசியை, எல்லாவற்றையும் சேர்த்து அவித்துத் தின்று கண்டுபிடிக்க முடியாது.

மருத்துவத்திலும் இதற்குத் தேவை இருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றியவர்களுக்கு சி.டி.4 என்ற அடையாளம் கொண்ட நிணநீர்க்குழியங்களின் (வெண்குழியத்தில் ஒரு சாதி) எண்ணிக்கையைத் தனியாக அறிய வேண்டும். எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையில் சி.டி.34 அடையாளம் உள்ள, குருதிக் குழியங்களை உண்டாக்கும் மூலக்கலங்களைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

உங்கள் வீட்டு அம்மம்மாவிடம் கேளுங்கள். சூடு அடித்த களத்தில் காற்றுக்கு எதிரே நெல்லைத் தூற்றுவார்கள். சப்பி பறக்கும், மணி காலடியில் விழும். வீட்டுக்கு வந்த அரிசியைச் சுளகில் புடைப்பார்கள், கொழிப்பார்கள். மாவை அரிதட்டில் அரிப்பார்கள். உலை வைக்குமுன் அரிக்கன் சட்டியில் தண்ணீர் விட்டு அரித்துக் கல் நீக்குவார்கள். கடைசியாக முற்றத்தில் இருந்து கையால் பொறுக்குவார்கள். இத்தனை வினைச்சொற்கள் ஏன் வந்தன என்று யோசித்தால் பாதிப் பாடம் முடிந்தது. ஒவ்வொன்றும் வேறொரு வேறுபாட்டைப் பயன்படுத்துகிறது: ஒன்றுக்குக் காற்றில் விழும் வேகம், ஒன்றுக்குப் பருமன், ஒன்றுக்கு அடர்த்தி, கடைசியானதற்குக் கண்ணால் காணும் அடையாளம்.

கலத்திலும் இவை எல்லாம் உண்டு. பருமனை எடுத்தால், செங்குழியம் 7 அல்லது 8 மைக்கிரோமீற்றர், குருதிச் சிறுதட்டு (பிளேற்லெற்) 2 அல்லது 3 மட்டும். அடர்த்தி வேறுபடும், ஒட்டும் குணம் வேறுபடும். எல்லாவற்றிலும் நுட்பமானது கலத்தின் மேற்பரப்பில் உள்ள புரதங்கள். அவைதான் இன்ன சாதி என்று சொல்லும் குறிசுட்ட அடையாளம்.

மையநீக்கியில் (குழாய்களை வேகமாகச் சுழற்றும் பொறியில்) சுற்றினால் இரத்தம் எப்படிப் பிரிகிறது?

விதைநெல் தெரிவு செய்யும்போது உப்புநீரில் முட்டை போட்டுப் பார்ப்பது வன்னியில் பலருக்குத் தெரிந்த வேலை. முட்டை மிதக்கும் வரை உப்பைக் கரைத்து, பிறகு முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டுவார்கள். பதரும் அரைவயிறு மணியும் மிதக்கும், முற்றிய மணி தாழும். 'இந்த அடர்த்திக்கு மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம்' என்று நீரே ஒரு கோடு போட்டுக் கொடுக்கிறது.

1968இல் நோர்வேயைச் சேர்ந்த ஆர்னே பொயும் இரத்தத்துக்குச் செய்ததும் இதுதான். உப்புக்குப் பதிலாக ஃபைக்கோல் என்ற, சீனியிலிருந்து செய்யப்படும் பெருமூலக்கூறு. அதோடு அடர்த்தியைக் கூட்ட இன்னொரு சேர்மம். கரைசலின் அடர்த்தி மில்லிலீற்றருக்கு 1.077 கிராம். புதுக் கோழிமுட்டையின் அடர்த்தியும் இதற்கு மிகக் கிட்டத்தான் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கிறது. செங்குழியங்களும், மணியுருக்கள் (கலத்துக்குள் உள்ள சிறு துணிக்கைகள்) கொண்ட வெண்குழியங்களும் இதைவிட அடர்ந்தவை, ஆகவே அடிக்குப் போய்விடும். நிணநீர்க்குழியங்கள், ஒற்றைக்குழியங்கள் என்ற வெண்குழியச் சாதிகள் இலேசானவை, கோட்டின் மேலே தங்கிவிடும்.

செய்யும் விதம் சொல்கிறேன். இரத்தத்தைச் சம அளவு உப்புக்கரைசலுடன் கலக்க வேண்டும். குழாயின் அடியில் ஃபைக்கோல். குழாயைச் சரித்துப் பிடித்து, அதன் சுவரோடு இரத்தத்தை மெல்ல வழியவிட வேண்டும். இரண்டும் கலக்கக் கூடாது. கீழே நிறமில்லாத தெளிவு, மேலே சிவப்பு, நடுவில் கத்தியால் வெட்டியது போல் ஒரு கோடு தெரிய வேண்டும். கை நடுங்கினால் கோடு புகைந்துவிடும். புவியீர்ப்பின் 400 மடங்கில் 30 நிமிடம், அறை வெப்பத்தில் சுற்றியபின் எடுத்துப் பார்த்தால் மேலே வைக்கோல் நிறத் திரவவிழையம் (பிளாஸ்மா), அடியில் செங்குழியப் படிவு, நடுவே பாலாடை போல மெல்லிய வெள்ளை வளையம். வேண்டியது அந்த வளையம் மட்டும். கண்ணை எடுக்காமல் உறிஞ்சுகுழாயால் சுற்றிச் சுற்றி அள்ள வேண்டும்.

புதிதாகச் செய்பவர்கள் மறப்பது மையநீக்கியின் பிரேக். அதை நிறுத்தி வைத்துவிட்டு, பொறி தானாக ஓய்ந்து நிற்கக் காத்திருக்க வேண்டும். நான் ஒருமுறை அவசரத்தில் பிரேக்கைப் போட்டபடியே ஓட்டிவிட்டேன். சடுதியாக நின்ற அதிர்வில் வளையம் கலைந்து, குழாய் முழுக்க இளஞ்சிவப்புக் கலங்கலாய் வெளியே வந்தது. இரத்தம் தந்தவரிடம் மறுபடி போய்க் கையை நீட்டச் சொல்ல எனக்கு முகம் இருக்கவில்லை.

"நிமிடத்துக்கு 1,500 சுற்று" என்று எழுதினால் போதாதா? ஏன் "புவியீர்ப்பின் இத்தனை மடங்கு" என்கிறார்கள்?

போதாது. பரீட்சையிலும் ஆய்விலும் அடிக்கடி வரும் பிழை இது. சுற்றும் ஆரை 16 சென்ரிமீற்றர் உள்ள பொறியில் 1,500 சுற்று என்றால் ஏறத்தாழ 400 மடங்கு விசை. அதே 1,500 சுற்றை 10 சென்ரிமீற்றர் ஆரையில் ஓட்டினால் 250 மடங்குதான் வரும். பொறி மாறினால் சுற்று மாறும், விசை மாறக் கூடாது.

செங்குழியங்கள்தான் தொல்லை என்றால் அவற்றை உடைத்துவிடலாமே?

உடைக்கலாம், உடைக்கிறார்கள். அமோனியம் குளோரைட்டுக் கரைசல் சில நிமிடம் பட்டால் செங்குழியம் ஊதி வெடித்துவிடும், வெண்குழியம் தாக்குப்பிடிக்கும். மலிவானது, வேகமானது. நேரம் கூடினால் வெண்குழியமும் போய்விடும்.

காந்தத்தால் கலத்தை இழுக்கலாம் என்பது உண்மையா?

உண்மை. ஆனால் கலத்துக்குக் காந்தம் பிடிக்காது, நாம்தான் அதில் கொளுவ வேண்டும். குறித்த ஒரு மேற்பரப்புப் புரதத்தை மட்டும் பற்றும் பிறபொருளெதிரியை (அன்ரிபொடி என்ற புரதத்தை) எடுத்து, அதன் வாலில் இரும்பு ஒட்சைட்டு மணியைக் கட்டி இரத்தத்தில் விடுகிறார்கள். புரதம் உள்ள கலம் மணியைச் சுமந்துகொள்ளும். பிறகு காந்தத்தின் அருகே வைத்தால் அது ஒட்டிக்கொள்ளும், மற்றவை கழுவுப்பட்டுப் போகும். இதற்கான ஒரே அளவான மணிகளைச் செய்யும் வித்தையை நோர்வேயில் ஜோன் உகெல்ஸ்டாட் 1970களில் கண்டுபிடித்தார். ஜெர்மனியில் ஸ்ரெபான் மில்ட்டெனியின் குழு 1990இல் அதைவிட மிகச் சிறிய, 50 நனோமீற்றர் அளவான மணிகளைக் கொண்ட முறையை வெளியிட்டது. அவ்வளவு சிறிய மணியை வெறும் காந்தம் இழுக்காது. ஆகவே இரும்பு நார் அல்லது இரும்புக் குண்டுகள் அடைத்த சிறு குழாய்க்குள் கலங்களை ஓடவிட்டு, வெளியே பலமான காந்தம் வைக்கிறார்கள்.

இங்கே ஒரு புத்தி வேண்டும். வேண்டியதைப் பிடிப்பதா, வேண்டாததைப் பிடிப்பதா? அரிசியில் கல் கிடந்தால் கல்லைத்தான் பொறுக்குகிறோம், அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்குவதில்லை. வேண்டிய கலம் ஏராளமாக இருந்து, அதைத் தொடாமல் வைத்திருக்க விரும்பினால், மற்றவற்றுக்கு மணி கட்டி அகற்றுவது நல்லது. பிறபொருளெதிரி ஒட்டினாலே சில கலங்கள் விழித்துக்கொண்டு நடத்தையை மாற்றிவிடும். வேண்டியது ஆயிரத்தில் ஒன்று என்றால் அதையே பிடிக்க வேண்டியதுதான்.

மணியே தேவைப்படாத ஒரு விசித்திரமும் உண்டு, அது நமக்குச் சொந்தமான கதை. மலேரியாக் கிருமி செங்குழியத்துக்குள் இருந்து ஈமோகுளோபினைத் தின்று, மிஞ்சும் இரும்புப் பகுதியைக் கறுப்புப் பளிங்காக ஒதுக்கி வைக்கிறது. அந்தப் பளிங்கைக் காந்தம் இழுக்கும். ஆகவே கிருமி முதிர்ந்த செங்குழியங்களைக் காந்தக் குழாயில் நேரடியாகவே பிடித்துவிடலாம். வன்னி என்றாலே மலேரியா என்று மாப்பிள்ளை வீட்டார் தயங்கிய காலம் இருந்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்தக் கறுப்புப் பளிங்கை இனி நம் பிள்ளைகள் படத்தில்தான் பார்ப்பார்கள்.

'ஃபக்ஸ்' இயந்திரம் என்றால் என்ன? அது எப்படி ஒவ்வொரு கலமாகப் பிரிக்கிறது?

ஒளிர்சாயத்தைக் கொண்டு கலங்களை இனங்கண்டு பிரிக்கும் இயந்திரத்துக்கு ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து வந்த பெயர் அது. பெரிய அரிசி ஆலையில் கறுப்பரிசி நீக்கும் இயந்திரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அரிசி வரிசையாகச் சரிந்து விழும். கமெரா பார்க்கும். கறுத்த மணி வந்தால் ஒரு காற்றுப் பீச்சு அதைத் தட்டிவிடும். ஃபக்ஸ் அதே வேலையைக் கலத்துக்குச் செய்கிறது.

முதலில் கலங்களுக்குச் சாயம் கட்டிய பிறபொருளெதிரி பூச வேண்டும். பிறகு உப்புக்கரைசல் தாரையின் நடுவே கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்படி விடுகிறார்கள். வெளியே ஓடும் கரைசல் உள்ளே ஓடுவதை நெருக்கி ஒற்றை வரிசையாக்கிவிடும். லேசர் ஒவ்வொன்றின் மேலும் படுகிறது. முன்னால் சிதறும் ஒளி பருமனையும், பக்கவாட்டில் சிதறும் ஒளி உள்ளே எவ்வளவு மணியுருக்கள் என்பதையும், சாயத்தின் நிறம் அது இன்ன சாதி என்பதையும் சொல்லும். இதுவரை நடப்பது பார்த்தல்.

பிரித்தல் அடுத்தது. தாரை வெளிவரும் வாய் 70 அல்லது 100 மைக்கிரோமீற்றர் அகலம். அதை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை அதிரவைத்தால் தாரை சீராகத் துளிகளாக உடையும். வேண்டிய கலம் இருக்கும் துளி உடைந்து பிரியும் அதே கணத்தில் தாரைக்கு மின்னேற்றம் கொடுத்தால், அந்தத் துளி மட்டும் மின்னேற்றத்தைச் சுமந்துகொண்டு விழும். கீழே சில ஆயிரம் வோல்ற் உள்ள இரண்டு தகடுகள். மின்னேற்றம் உள்ள துளி அவற்றுக்கிடையே வளைந்து பக்கத்துக் குழாயில் விழும், இல்லாதது நேரே கழிவுக்குப் போகும். லேசர் கண்டதற்கும் துளி உடைவதற்கும் இடையே உள்ள நேரத்தைக் கணக்கிடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. அது ஒரு துளி பிசகினால், கணினித் திரையில் அழகான படம் இருக்கும், குழாயில் வேறு கலம் இருக்கும்.

இதன் பிறப்பும் சுவையானது. அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் செங்குழியங்களின் பருமனை அளந்தபோது வரைபில் இரண்டு முகடுகள் தெரிந்தன. இரண்டு சாதிச் செங்குழியம் உண்டா என்று அறிய மக் புல்வைலர் 1965இல் ஒரு பிரிப்பான் கட்டினார். துளிக்கு மின்னேற்றும் வித்தையை, மை தெளித்து எழுதும் கருவிக்காக ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்வீட் செய்திருந்த வேலையிலிருந்து எடுத்துக்கொண்டார். ஒரு முகட்டைப் பிரித்தெடுத்து மறுபடி அளந்தால் மறுபடியும் இரண்டு முகடு! தட்டைக் கலம் எந்தப் பக்கமாக அளக்கும் கருவியின் துளைக்குள் நுழைகிறது என்பதால் வந்த மயக்கம் அது. கேள்வி பொய்த்தது, கருவி நிலைத்தது. ஸ்ரான்போர்டின் லெனார்ட் ஹெர்சன்பேர்க் குழு 1969இல் அதே வழியில் ஒளிர்வைக் கொண்டு பிரித்துக் காட்டியது. ஒரே இலக்கை மட்டும் பற்றும் பிறபொருளெதிரிகளைச் செய்யும் முறையைக் கோலரும் மில்ஸ்ரைனும் 1975இல் கொடுத்தபின் அந்த இயந்திரத்துக்கு உண்மையான கண் கிடைத்தது.

டெங்கு நோயாளிக்கு 'பிளேற்லெற்' எண்ணுவதும் இந்த இயந்திரமா?

அது இதன் மூத்த உறவு. ஒரு சிறு துளையின் இருபுறமும் மின் ஓட்டம் வைத்து, கலம் ஒன்று துளையைக் கடக்கும்போது மின் தடை ஒரு கணம் கூடுவதை எண்ணுவது வொலஸ் கூல்ற்றரின் தத்துவம். அவருக்கு 1953இல் காப்புரிமை கிடைத்தது. துடிப்பு சிறிதென்றால் சிறுதட்டு, பெரிதென்றால் மற்றக் குழியங்கள். இன்றும் பல வைத்தியசாலை இயந்திரங்கள் இதே தத்துவத்தில் எண்ணுகின்றன. 1,50,000 முதல் 4,50,000 வரை சாதாரணம் என்று தாளில் வருவது கன மில்லிமீற்றருக்கான கணக்கு. எண்ணுவது வேறு, பிரிப்பது வேறு. எண்ணியபின் அந்தக் கலங்கள் கழிவுக்குப் போகின்றன.

பிரித்தலைப் பார்க்க வேண்டுமென்றால் இரத்த வங்கிக்குப் போங்கள். பாடசாலையிலோ கோயில் மடத்திலோ நடக்கும் முகாமில் நீங்கள் கொடுத்த ஒரு பையை மையநீக்கியில் சுற்றி செங்குழியம், சிறுதட்டு, திரவவிழையம் என்று பிரிக்க முடியும். செங்குழியம் குளிரூட்டியில் வாரக்கணக்கில் இருக்கும். சிறுதட்டுக்குக் குளிர் ஆகாது. 20 முதல் 24 பாகை வெப்பத்தில், தொட்டில் போல ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில், வழமையாக 5 நாள்தான்.

பசுக்கன்று மட்டும் பிறக்கும் ஊசி இருக்கிறதாமே?

அக்கராயன் பக்கத்து ஐயா ஒருவர் கேட்டது. கேட்டுவிட்டு, "நாம்பனைக் கட்டித் தீன் போட்டு என்ன பலன், தம்பி?" என்றும் சொன்னார். இருக்கிறது, ஐயா. அது ஊசிமருந்து அல்ல, செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கான விந்துதான், பிரிக்கப்பட்ட விந்து. பிரிப்பதும் மேலே சொன்ன அதே இயந்திரத்தின் வகைதான்.

எக்ஸ் நிறமூர்த்தம் சுமக்கும் விந்தில் இருந்து நாகு (பெண் கன்று) வரும், வை நிறமூர்த்தம் சுமக்கும் விந்தில் இருந்து நாம்பன் (ஆண் கன்று) வரும். இரண்டுக்கும் வெளியே வித்தியாசம் இல்லை. ஆனால் மாட்டின் எக்ஸ் விந்தில் டி.என்.ஏ. ஏறத்தாழ 4 வீதம் கூட. டி.என்.ஏ.யில் ஒட்டும் சாயத்தை உயிருள்ள விந்துக்கு ஊட்டி லேசரைப் பாய்ச்சினால், எக்ஸ் அந்த 4 வீதம் கூடுதலாக ஒளிரும். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பெல்ற்ஸ்வில் நிலையத்தில் லோரன்ஸ் ஜோன்சனின் குழு 1989இல் முயலில் இப்படிக் குட்டிகள் பெற்றுக் காட்டியது. மாட்டு விந்தின் தலை தட்டை. தட்டைப் பக்கம் சரியாகத் திரும்பி வந்தால்தான் 4 வீதம் தெரியும். திரும்பாதவை எல்லாம் கழிவு. ஆகவே விலை கூட.

சரி, வாங்கலாமா? பத்துக் கன்றில் ஒன்பது நாகாக வரும் என்பது நம்பக்கூடிய கணக்கு. ஆனால் வழமையான ஒரு குச்சியில் சுமார் 2 கோடி விந்து இருந்தால், இதில் 20 இலட்சம் அளவில்தான் இருக்கும். அவையும் சாயம், லேசர், அழுத்தம் எல்லாம் பட்டுக் களைத்தவை. சினை பிடிக்கும் வாய்ப்பு வழமையைவிடக் குறைவு. முதல் ஈற்றுக்கு நிற்கும், நல்ல தீன் கண்ட, வேட்கையை நேரத்தோடு கவனித்த நாகுக்குப் போட்டால் பலன் கூட. கோடையில் மெலிந்து, இரணைமடுக் குளக்கட்டோடு மேய்ந்து திரியும் கிழட்டுப் பசுவுக்குப் போட்டு ஏமாற வேண்டாம். முதலில் கால்நடை வைத்தியரிடம் மாட்டைக் காட்டுங்கள்.

எந்த முறை சிறந்தது?

எதற்கு என்று கேட்காமல் விடை சொல்ல முடியாது. தூய்மை, கிடைக்கும் அளவு, வேகம் ஆகிய மூன்றில் இரண்டைப் பிடித்தால் மூன்றாவது நழுவும். ஒரு கணக்கைப் பாருங்கள். பத்தாயிரத்தில் ஒன்றாக உள்ள கலத்தில் 10,000 வேண்டும். அதற்கு 10 கோடிக் கலங்களை ஃபக்ஸ் பார்க்க வேண்டும். வினாடிக்கு 10,000 வீதம் ஓடினால் 2 மணி 47 நிமிடம். அதற்குள் வெளியே நிற்கும் கலங்கள் வாடிவிடும். ஆகவே முதலில் ஃபைக்கோல், பிறகு காந்தம், கடைசியில்தான் ஃபக்ஸ். தூற்றாத நெல்லை யாரும் கையால் பொறுக்குவதில்லை.

என் அபிப்பிராயம்: பெரிய இயந்திரத்தின் மேல் பலருக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. நான் பார்த்த வேலையில் பாதிக்கு மேல் நல்ல மையநீக்கியும் பொறுமையான கையும் போதுமாக இருந்தன.

ஈரல், கட்டி, இலை போன்றவற்றில் கலங்கள் ஒட்டிக்கொண்டு இருக்குமே?

முதலில் பிய்க்க வேண்டும். விலங்கு இழையத்தை நறுக்கி, இணைப்பிழையத்தைக் கரைக்கும் நொதியத்தில் ஊறவைத்து, 40 மைக்கிரோமீற்றர் துளையுள்ள நைலோன் வலையில் வடிப்பார்கள். திருப்சின் என்ற நொதியம் வேகமாகப் பிய்க்கும், ஆனால் மேற்பரப்புப் புரதத்தையும் மொட்டையடித்துவிடும். பிறகு பிறபொருளெதிரி பற்றுவதற்கு ஒன்றும் இருக்காது. இலைக் கலத்துக்குச் சுவர் உண்டு. அதைச் செலுலேசு, பெத்தினேசு நொதியங்களால் கரைத்து, சுவரில்லாத உருண்டையாக எடுக்க வேண்டும். அந்த உருண்டை தொட்டாற்சிணுங்கி, கரைசலின் செறிவு சற்றுப் பிசகினாலும் வெடிக்கும்.

இறந்த கலம் ஒரு தனித் தலையிடி. அது எல்லாப் பிறபொருளெதிரியையும் கண்டபடி ஒட்டிக்கொள்ளும். செத்த கலத்துக்குள் மட்டும் புகும் சாயம் ஒன்றைச் சேர்த்து, அவற்றை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

பாடசாலையில் செய்துபார்க்க ஏதும் உண்டா?

உண்டு, ஆனால் மனித இரத்தம் வேண்டாம். பாண் போடும் மதுவத்தை (யீஸ்ற்) இளஞ்சூட்டு நீரில் கலக்கி, ஒரு பாதியை மேசையில் வைத்துவிட்டு மறுபாதியைச் சுற்றுங்கள். எதில் முதலில் அடி கட்டுகிறது என்று பாருங்கள்.

மையநீக்கி இல்லையே என்பீர்கள். சோடா மூடியைத் தட்டையாக்கி, இரண்டு துளை போட்டு, நூல் கோத்து இழுத்து இழுத்துச் சுற்றும் விளையாட்டு நம் முற்றங்களில் இருந்தது. அதே விளையாட்டின் தத்துவத்தில், கடதாசித் தட்டில் சிறு குழாய்களை ஒட்டி, ஸ்ரான்போர்டில் மனு பிரகாஷின் குழு 2017இல் ஒரு மையநீக்கியை வெளியிட்டது. நிமிடத்துக்கு 1,25,000 சுற்று, மின்சாரம் தேவையில்லை, செலவு 20 அமெரிக்க சதம். ஒன்றரை நிமிடத்தில் இரத்தத்திலிருந்து திரவவிழையத்தைப் பிரித்தது.

வகுப்பில் நாங்கள் தடித்த மட்டையில் ஒன்று செய்தோம். மெல்லிய பிளாஸ்ரிக் குழாயின் இரு முனையையும் மெழுகுதிரிச் சூட்டில் அடைத்து, மட்டையின் மையத்திலிருந்து இரு பக்கமும் ஒரே தூரத்தில் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் பாரம் கூடினால் மட்டை தள்ளாடி நூல் அறுந்துவிடும். எங்களுடையது மூன்றாம் தடவைதான் சீராகச் சுற்றியது. அதற்குள் ஒரு குழாய் கழன்று பறந்து யன்னல் கம்பியில் மோதியது. ஆகவே கண்ணாடிக் குழாய் வேண்டாம், பார்க்கும் பிள்ளைகள் இரண்டு பாகம் (பன்னிரண்டு அடியளவு) தள்ளி நிற்கட்டும்.